கிழித்த ஓலையும் செல்லாத காசோலையும்

சென்ற பள்ளி விடுமுறையின்போது பிரிக்பீல்ட்ஸில் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயாரைச் சந்திக்க நேர்ந்தது. மகன் கனடாவில் படித்துக்கொண்டே பகுதி நேர வேலையில் சேர்ந்திருக்கிறான். சம்பளத்தை வங்கிக் கணக்கில் சேர்ப்பதற்கு 'வாய்ட் செக்' ஒன்று கொண்டு வரும்படி அலுவலகத்தில் கேட்டார்களாம். "செல்லாத காசோலையை வாங்கி வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள், சார்? ஏமாற்று வேலையாக இருக்குமோ?" என்று கவலையோடு கேட்டார்.

ஏமாற்று வேலை அன்று. காசோலையின் அடிப்பகுதியில் காந்த மையால் அச்சிடப்பட்ட எண்வரிசை ஒன்று உண்டு. காசோலை எண், வங்கி மற்றும் கிளையின் குறியீடு, கணக்கு எண் ஆகியவை அதில் அடங்கும். 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில், இயந்திரங்கள் காசோலைகளைப் படித்துப் பிரிப்பதற்காக உருவாக்கப்பட்ட எழுத்து வடிவம் அது. கணக்கு எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்தால் ஓர் இலக்கம் மாறிவிடலாம். சம்பளம் வேறொருவர் கணக்கிற்குப் போய்விடும். ஆகவே, வெற்றுக் காசோலை ஒன்றின் குறுக்கே 'செல்லாது' என்னும் பொருள்படும் சொல்லைப் பெரிதாக எழுதி, கையொப்பமிடாமல் கொடுக்கச் சொல்கிறார்கள். பணத்தாளாக அது செத்துவிட்டது. முகவரியாக மட்டும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 'கேன்சல்டு செக்' என்று கேட்பதும் இதையே. நம் நாட்டில் இவ்வழக்கம் பரவவில்லை. நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது சேமிப்புக் கணக்கு; காசோலைப் புத்தகம் நடப்புக் கணக்கிற்கு உரியது. எனவே இங்கே வங்கி அறிக்கையின் முதல் பக்கத்தைக் கேட்டு முடித்துவிடுகிறார்கள்.

தாயார் நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குத்தான் பழைய நினைவு ஒன்று கிளறிவிட்டது. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் வரலாறு.

ஒரு தாளை எப்படிச் செல்லாததாக்குவது? கிழித்துவிட்டால் போயிற்று என்றுதான் யாரும் நினைப்போம். சுந்தரரும் அப்படித்தான் நினைத்தார். திருமண வேளையில் முதியவர் வடிவில் வந்த இறைவன், 'நீ எனக்கு அடிமை' என்று ஓலை காட்டியபோது, சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போயிற்று. கிழிபட்டது படி ஓலைதான் என்று கூறி முதியவர் மூல ஓலையை எடுத்துக் காட்டினார். அவையோர் சுந்தரருடைய பாட்டனாரின் பழைய கையெழுத்தை வருவித்து ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். இன்றைய வங்கி எழுத்தர் மாதிரிக் கையொப்பத்தோடு காசோலையை ஒப்பிடும் வேலையும் அதுவே அன்றோ! பக்தி இலக்கியமாகப் போற்றும் இப்பகுதியை ஆவணச் சட்டப் பாடமாகவும் உயர்நிலை மாணவர்களுக்குச் சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன், அவர்கள் விழித்துக்கொண்டு கேட்டார்கள்.

இங்கிலாந்தில் 1859இல் இதற்கு ஈடான வழக்கு ஒன்று நடந்தது. இங்காம் எதிர் பிரிம்ரோஸ் என்பது அதன் பெயர். உண்டியலை ஏற்றுக் கையொப்பமிட்டவர், அது இனி வேண்டாம் என்று இரண்டாகக் கிழித்துத் தெருவில் எறிந்தார். மற்றொருவர் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் புழக்கத்தில் விட்டுவிட்டார். அக்காலத்தில் களவுக்கு அஞ்சி உண்டியலை இரண்டாக வெட்டித் தனித்தனி அஞ்சலில் அனுப்பும் வழக்கம் இருந்தது. ஆகவே ஒட்டிய தாளைப் பார்த்தவருக்கு ஐயம் எழ வழியில்லை என்று கூறிய நீதிமன்றம், கிழித்தவரையே பணம் கட்டச் சொன்னது. பிற்கால நீதிபதிகள் இத்தீர்ப்பை ஐயுற்றதும் உண்டு. ஆயினும் 1882ஆம் ஆண்டின் ஆங்கிலேய உண்டியல் சட்டம், ஓர் உண்டியல் ரத்தாக வேண்டுமாயின் அது வேண்டுமென்றே செய்யப்பட்டிருக்க வேண்டும், அந்தத் தாளின் மீதே அது புலப்பட வேண்டும் என்று எழுதி வைத்தது. நம் நாட்டின் 1949ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வழி வந்ததே.

காசோலையின் மூலையில் நாம் இழுக்கும் இரண்டு இணைகோடுகளை ரத்துச் செய்வதாகச் சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. கோடிட்ட காசோலைக்கு முகப்பில் ரொக்கம் கிடைக்காது. ஒரு கணக்கின் வழியாகத்தான் அது போக வேண்டும். லண்டன் வங்கி எழுத்தர்களின் பழக்கத்திலிருந்து வந்த இவ்வழக்கம் 1856இல்தான் சட்டமாயிற்று. மறு ஆண்டே, கோட்டை அழித்துவிட்டுப் பணம் பெற்ற திருட்டு ஒன்று நீதிமன்றம் வந்தது. கோடு காசோலையின் பகுதியன்று என்று நீதிபதிகள் கூறிவிட்டார்கள். உடனே 1858இல், கோடும் காசோலையின் இன்றியமையாத பகுதியே என்று வேறொரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

நம்மவர்க்கு இவையெல்லாம் அந்நியமானவை என்று கருத வேண்டாம். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கிகளில் அமர்ந்து தொழில் நடத்திய நகரத்தார், ஆங்கிலேய வங்கிகளில் கடன் பெறவும் அறிந்திருந்தார்கள், தங்களுக்குள் உண்டியல் எழுதவும் அறிந்திருந்தார்கள். இந்திய வணிகரின் உண்டியல் வழக்கில், பணம் கொடுத்துத் தீர்ந்து ரத்தான உண்டியலுக்கு 'கோக்கா' என்று வடநாட்டார் தனிப்பெயரே வைத்திருந்தார்கள். தீர்ந்துபோன தாளுக்கு ஏன் ஒரு பெயர்? அது கணக்கிற்குச் சாட்சி என்பதால்தான்.

எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி மலாயாவிலும் கிளை பரப்பியது. 1969இல் இந்தியா தன் பெரிய வங்கிகளை அரசுடைமையாக்கியது. அயல்நாட்டு அரசுகளின் வங்கிகள் இங்கே இயங்கக்கூடாது என்று 1973இல் மலேசியா சட்டம் செய்தது. எனவே இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகிய மூன்றின் இந்நாட்டுக் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏஷியன் வங்கியாயின. அதுவும் 1991இல் பேங்க் ஆஃப் காமர்ஸில் கலந்து, பல இணைப்புகளுக்குப் பின் இன்றைய சி.ஐ.எம்.பி. ஆயிற்று.

அந்த யுனைடெட் ஏஷியன் வங்கியின் பெயர் நம் நாட்டுக் காசோலைச் சட்ட வரலாற்றில் நிலைத்துவிட்டது. கட்டுமான நிறுவனம் ஒன்றின் ஊழியர் பொய்க் கையொப்பமிட்டுப் பல காசோலைகளில் பணம் எடுத்துவிட்டார். நிறுவனம் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றது வங்கி. பொய்க் கையொப்பத்திற்குப் பணம் கொடுத்தது வங்கிதான், இழப்பும் அதற்கே என்று 1993இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998இல் சட்டம் திருத்தப்பட்டது. கையொப்பத்திற்கு உரியவர் அறிந்தோ கவனக்குறைவாலோ மோசடிக்குத் துணைபோயிருந்தால் சுமை அவர்மேல் விழும் என்று ஆயிற்று.

கவனக்குறைவு என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று குத்தும்.

2003ஆம் ஆண்டில் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு நான் செயலாளராக இருந்தேன். பொருளாளர் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். காசோலையில் இருவரும் கையொப்பமிட வேண்டும். பள்ளி வேலைக்கிடையே ஒவ்வொரு முறையும் அவரைச் சந்திக்க இயலாமல், ஐந்தாறு வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவேன். வசதி என்று நினைத்தேன். 1827இல் லண்டனில் யங் என்பவர் இப்படித்தான் கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைகளை மனைவியிடம் விட்டுச் சென்றார். எழுத்தர் ஒருவர் இடம் விட்டு ஐம்பது பவுன் என்று எழுதி அம்மையாரிடம் காட்டிவிட்டு, பிறகு அதை முந்நூற்று ஐம்பதாக்கிக்கொண்டார். இழப்பு யங்கின் தலையில் விழுந்தது. இதை அன்று நான் அறியேன்.

விளையாட்டுப் போட்டிக்கான காசோலை ஒன்றில் தொகையைப் பெரியவர் தவறாக எழுதிவிட்டார். என் கையொப்பம் இருந்த தாள் அது. யார் கையிலாவது சிக்கிவிடுமோ என்று அஞ்சி அவர் அதைச் சுக்குநூறாகக் கிழித்து எரித்துவிட்டார். அடிக்கட்டையில் 'தவறு' என்று மட்டும் எழுதினார்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்காய்வாளர் எண்களை வரிசையாகப் பார்த்தார். ஒன்று இல்லை. வங்கியில் அது பணமாகவில்லை என்பதை அறிக்கை காட்டியது. ஆனால் காசோலைக்கு ஆறு மாதம் உயிருண்டு. நாளை வராது என்பதற்கு என்ன உறுதி என்று ஒருவர் கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் என்னைப் பார்த்தார். முன்கூட்டியே கையொப்பமிட்டது நான்தான் என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். தலைமையாசிரியர் முன்னிலையில் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அன்று மாலையே அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டார்.

அந்தக் காசோலை ஒருபோதும் வங்கிக்கு வரவில்லை. ஆறு மாதம் கழிந்ததை நான் நாட்காட்டியில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பின்னர் ஒருநாள் ஜாலான் தெங்கு கிளானாவில் மாலைக் கடையருகே அவரைக் கண்டேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன் அவரே கூறினார்: "தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் இருந்தேன் சார். கெட்டுப்போன தாளைக் கிழிக்கவே கூடாது, குறுக்கே எழுதிப் புத்தகத்திலேயே வைக்கணும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கையெழுத்து இருந்ததே என்று பயந்துவிட்டேன்."

இப்போதும் சங்கக் காசோலைப் புத்தகம் என் பொறுப்பில்தான் இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு காசோலைக்கும் 50 சென் கட்டணம் வந்த பிறகும், இணையம்வழிப் பணம் செலுத்துதல் பெருகிய பிறகும் அதன் பக்கங்கள் மெதுவாகத்தான் தீர்கின்றன. தவறாக எழுதியவற்றின் குறுக்கே சிவப்பு மையால் 'பத்தால்' என்று எழுதி, கையொப்பம் விழுந்திருந்தால் அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்து, மீதியை அடிக்கட்டையோடு சேர்த்துத் தைத்து வைக்கிறேன். வெற்றுக் காசோலையில் நான் கையொப்பமிடுவதில்லை. புதிதாக வந்த பொருளாளர், ஓர் இளம் தாயார், சென்ற மாதம் கேட்டார்: "இரண்டு மூன்றில் போட்டு வைத்துவிடுங்களேன் சார், நான் ஷா ஆலாமிலிருந்து வர வேண்டியிருக்கிறது." நானே ஷா ஆலாமுக்குப் போய்க் கையொப்பமிட்டு வந்தேன்.