சாவா மூவா முதல்: டாடா அறக்கட்டளைகளும் தேவனார் நிறுவனமும்

மும்பையில் கோவண்டி ரயில் நிலையத்துக்கு அருகே, தேவனாரில் இயங்குகிறது டாடா சமூக அறிவியல் நிறுவனம். 2024 ஜூன் இறுதியில், தன் வளாகங்களில் பணியாற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று அது அறிவித்தது. அவர்கள் ஊதியம் டாடா அறக்கட்டளைகளில் ஒன்றான டாடா கல்வி அறக்கட்டளையின் மானியத்திலிருந்து வந்தது. மானியம் தொடரும் என்ற உறுதி கிடைத்ததும், சில நாட்களிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. செய்தி அத்துடன் ஓய்ந்தது. நெடுங்கால நிதி நிறுவனங்களின் ஆளுகையை ஆராய்வோர் அதை அப்படி விட்டுவிட முடியாது.

ஏனெனில் பணம் தரும் தரப்பு நிலைபேறுடையது. தொராப்ஜி டாடா 1932இல் தம் செல்வத்தை அறக்கட்டளையாக்கினார். இடம், நாடு, சமயம் என்ற வரம்பு எதையும் வைக்கவில்லை. தேவனார் நிறுவனமும் 1936இல் அந்த அறக்கட்டளையால்தான் பிறந்தது. இன்று டாடா சன்ஸ் பங்குகளில் ஏறத்தாழ 66 விழுக்காடு டாடா அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. பங்கு அப்படியே நிற்க, ஈவுத்தொகை அறப்பணிக்குப் போகிறது.

சோழர் கல்வெட்டுகள் கூறும் ‘சாவா மூவாப் பேராடு’ ஏற்பாட்டை இதனோடு ஒப்பிடலாம். கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். அவற்றை ஏற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் மந்தையை நிரப்புவது அவர் பொறுப்பு, நெய்யின் அளவு குறையாது. முதலை வைத்திருந்தவரே அதன் இடரையும் சுமந்தார். தேவனாரில் இது தலைகீழ். முதலுக்கு ஆபத்தில்லை, அதன் பயனை நம்பியிருக்கும் விரிவுரையாளருக்கு அடுத்த மாதச் சம்பளமே ஐயம்.

மறுப்பு ஒன்று எழும், அது வலுவானதும்கூட. நோக்கத்தை இறுக்கிக் கட்டினால் அறக்கட்டளை வெறும் சம்பளப் பட்டுவாடா அலுவலகமாகிவிடும். 1941இல் தொடங்கிய டாடா நினைவு மருத்துவமனை 1957இல் மத்திய சுகாதார அமைச்சகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அறக்கட்டளையின் பணம் புதிய பணிகளுக்குத் திரும்பியது. விலகும் உரிமை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அங்கே பொறுப்பை ஏற்க ஒரு கை நீண்டிருந்தது. 2024 அறிவிப்பின்போது இந்தப் பணியிடங்களை ஏற்க யாரும் இல்லை.

பயனை நம்பியிருப்போரின் நிச்சயமின்மைக்கு நார்வேயின் எண்ணெய் நிதியம் வேறு வழி கண்டது. அந்நாட்டின் 2001ஆம் ஆண்டு விதிப்படி, அரசு நிதியத்திலிருந்து எடுக்கும் தொகை, காலப்போக்கில் அதன் எதிர்பார்க்கப்படும் மெய் வருவாயைத் தாண்டக் கூடாது. அந்த அளவு இப்போது 3 விழுக்காடு. எண்ணெய் விலை ஆடினாலும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஒதுக்கீடு ஆட வேண்டியதில்லை. (நார்வேக்கு இது எளிது, பணம் மிகுதி என்பார்கள். டாடா சன்ஸின் பெரும்பங்கை வைத்திருப்பவர்களும் ஏழைகள் அல்லர்.)

ஆகவே நிலைத்த நிதியின் ஆளுகையை முதலின் வளர்ச்சியை மட்டும் கொண்டு மதிப்பிடுவது பிழை. நிச்சயமின்மையை அது யார் தலையில் இறக்கி வைக்கிறது என்பதே முதல் கேள்வி. தொடர்ந்து தேவைப்படும் ஆசிரியப் பணியிடங்களுக்கு நிலைவைப்பு நிதி வேண்டும். மற்றவற்றுக்குக் குறைந்தது மூன்றாண்டு முன்னறிவிப்பு வேண்டும். இவ்விரண்டையும் அறங்காவலர்கள் எழுத்தில் தர வேண்டும்.