ஹன்சன் நோய்

ஹன்சன் நோய் என்பது தொழுநோயின் மறுபெயர். பெருநோய், குட்டம், குஷ்டரோகம் என்பன பழைய வழக்குகள். மட்டக்களப்பில் இதன் வரலாறு வாவியின் நடுவிலுள்ள மாந்தீவோடு பிணைந்தது.

ஆட்பெயர் தாங்கிய நோய்கள் பெரும்பாலும் அவற்றைக் கண்டறிந்தவரின் புகழுக்காகப் பெயர் பெற்றவை. இந்தப் பெயரை விரும்பிக் கேட்டவர்களோ நோயாளிகள். அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் பார்வையிழந்த நோயாளியான ஸ்டான்லி ஸ்டைன், 1941இல் 'தி ஸ்டார்' இதழைத் தொடங்கி, பழித்துரைக்கும் பழைய சொல்லை விலக்கப் போராடினார். அவரே வீட்டாருக்கு அவப்பெயர் வராதிருக்கப் புனைபெயரில் வாழ்ந்தவர்.

நோர்வேயின் பேர்கன் நகர மருத்துவர் கெர்ஹார்ட் ஆர்மவுர் ஹன்சன் 1873இல் இந்நோய்க்கிருமியைக் கண்டார். பரம்பரை நோய் என்றே அதுவரை பலர் நம்பியிருந்தனர். அவருடைய மாமனார் டேனியல்சனும் அப்படித்தான் நம்பினார். தொற்று என்பதை மெய்ப்பிக்கும் வேகத்தில் 1879இல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவர் சம்மதமின்றி, மற்றொரு நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்ததை ஹன்சன் ஊசியால் ஏற்றினார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் பெயரைச் சொல்லும் இடத்தில் இதையும் சொல்லியாக வேண்டும்.

தொற்றுநோய் என்றானதும் ஒதுக்கிவைத்தல் வலுப்பெற்றது. 1897இல் பேர்லினில் கூடிய தொழுநோய் மாநாடு, நோயாளரை ஒதுக்கிவைக்கும் நோர்வேயின் முறையையே முன்மாதிரியாக்கியது. இலங்கையில் 1901இல் தொழுநோயாளர் சட்டம் வந்தது. கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் கட்டிய தொழுநோய் வைத்தியசாலை முன்னரே இருந்தது. கிழக்கில் ஆங்கிலேயர் மாந்தீவைத் தெரிந்தெடுத்தனர். சுற்றிலும் வாவி, மதில் தேவைப்படவில்லை. தோணியில் கொண்டுபோய் விடப்பட்டவர் கரையிலிருக்கும் தம் ஊரைத் தண்ணீருக்கு அப்பால் பார்த்துக்கொண்டு வாழ வேண்டியிருந்தது. நோயைவிட இதுவே பெருங்கொடுமை.

1940களில் டாப்சோன் மருந்து வந்தது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சை, இலங்கையில் 1983இல் தொடங்கியது. 1995இல் நாடளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலை எட்டப்பட்டது. ஆயினும் புதிய நோயாளர்கள் இன்றும் இனங்காணப்படுகின்றனர். மட்டக்களப்பு மாவட்டம் அதற்கு விலக்கல்ல. கிருமி உடலில் பல ஆண்டுகள் ஓசையின்றித் தங்கும். நிறம் மங்கி உணர்ச்சியற்ற தேமல் ஒன்றே முதல் அறிகுறியாகலாம். வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதச் சிகிச்சை. அரச வைத்தியசாலைகளில் இலவசம். மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே தொற்றும் தன்மை அடங்கிவிடுவதால், நோயாளி தம் வீட்டிலேயே இருந்து குணமாகலாம்.