தாத்தா பார்க்காத அரண்மனை

எங்கள் ராயப்பன்பட்டி வீட்டில் தாத்தா 'அரண்மனைக்குப் போறேன்' என்றால் கோர்ட்டுக்குப் போகிறார் என்று அர்த்தம். தேனி தனி மாவட்டம் ஆகாத காலம் அது. மதுரை ஜில்லா கோர்ட் திருமலை நாயக்கர் மகாலில்தான் நடந்தது. ஒரு வரப்புத் தகராறு அப்பீல் வரை போய்விட, வாய்தா தோறும் தாத்தா முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரைக்குப் போவார்.

அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை. நான் அங்கே பிரெஞ்சு வழியில் படித்தேன். பதினான்காம் லூயியையும் வெர்சாய் அரண்மனையையும் மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஒரு லீவில் ஊருக்கு வந்தபோது, "மதுரை அரண்மனை எப்படி இருக்கும் தாத்தா?" என்று கேட்டேன்.

"நிக்க நிழல் இருக்கும்டா. டவாலி கூப்பிடுறது காதுல விழுகிற தூரமாப் பாத்து நிக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

வழக்கு எங்கள் பக்கம் தீர்ந்தது. ஆனால் அந்த மகாலை நான் நிதானமாகப் பார்த்தது போன மாதம்தான். பேரன் டிக்கெட் எடுத்து அழைத்துப் போனான். சொர்க்க விலாசத்தில் ஒரு தூணுக்கு இருபுறமும் நின்று நாங்கள் கைகளை நீட்டிப் பார்த்தோம். விரல்கள் தொடவில்லை.

திருமலை நாயக்கர் இதைக் கட்டியது 1636இல். பதினான்காம் லூயி பிறந்ததே 1638இல்தான். பள்ளியில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, அங்கே அரண்மனை கட்ட இங்கிருந்து பெரும்பகுதியைப் பிரித்துக் கொண்டுபோனார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே நிற்கிற பத்துத் தூண்களும் அந்தப் பழைய அரண்மனையின் மிச்சம் என்பார்கள். எஞ்சியதும் சிதைந்து கிடந்தபோது, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். 1970 வரை கோர்ட் அங்கே நடந்தது. பிறகு அது பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று.

முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். ஒரு கட்டடத்தில் ஃபைலும் ஆளும் இருந்தால் ஓட்டை விழுந்த கூரைக்கு யாராவது எஸ்டிமேட் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பூட்டிக் கிடந்தால் கேட்பார் இல்லை. அரசன் வீட்டுப் பேரன் பிரித்ததுபோக மீந்ததைக் காப்பாற்றியதில், வாய்தாவுக்கு வந்து நின்ற என் தாத்தா போன்றவர்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

தூண்களில் இப்போது யார் யாரோ தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். தாத்தா அங்கே எத்தனையோ நாள் நின்றவர். ஒரு கீறல்கூடப் போட்டிருக்க மாட்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த நிழலில் நின்றதுண்டா? இருந்தால் எழுதுங்கள்.