கத்திச் சொல்றதா, ஏட்டுல எழுதி வைக்கிறதா?

உங்க ஃபோன் பெட்டியில எட்டு கோர்னு போட்டிருப்பாங்க. அந்த எட்டும் ஒரே கணக்கைத்தான் பார்க்குதுன்னு என்ன உத்தரவாதம்? இன்னைக்கு அந்தக் கேள்வியோட வரலாறு.

மெமரி மெதுவானது. அதனால ஒவ்வொரு ப்ராசஸரும் தனக்கு வேண்டியதை நகலெடுத்து, கேஷ்ல பக்கத்துலயே வச்சுக்கும். உங்க கணக்குல 500 ரூபாய் இருக்கு, இரண்டு ப்ராசஸர்கிட்டயும் அந்த நகல் இருக்குன்னு வைங்க. ஒண்ணு 400 எடுத்துட்டு 100-ன்னு மாத்துது. ஒரு நிமிஷம் கழிச்சுப் பார்க்கிற இன்னொண்ணு, பழைய 500-ஐயே நம்பி மறுபடியும் 400 கொடுத்துடும். இந்தக் குழப்பம் வராம பார்த்துக்கறதுதான் கேஷ் கோஹரன்ஸ்.

1978-ல சென்சியே, ஃபோத்ரியேன்னு இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னாங்க. எந்த நகல் யார்கிட்ட இருக்குன்னு மெமரி பக்கத்துல ஒரு பதிவேடு வைக்கணும். மாத்தும்போது சம்பந்தப்பட்டவங்களுக்கு மட்டும் தகவல் போகணும். அதுதான் டைரக்டரி.

1983-ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் குட்மேன் வேற பக்கம் போனார். எல்லாரும் ஒரே பஸ்லதானே இருக்கோம்? ஒருத்தர் கத்தினா எல்லாரும் ஒட்டுக்கேட்டுக்கலாம். ஏடு வேண்டாம், செலவு கம்மி. அடுத்த வருஷமே இல்லினாய்ஸ்ல இருந்து பாபமார்க்கோஸும் ஜனக் படேலும் ஒரு நெறிமுறை கொடுத்தாங்க. அதுதான் மெஸி. ஃபுட்பால் வீரர் இல்லங்க!

ஆனா ஆள் கூடக்கூட பஸ்ல நெரிசல். அதனால ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸி, அனூப் குப்தா குழு டேஷ் இயந்திரத்தைக் கட்டினாங்க. நாலு நாலு ப்ராசஸரா ஒரு கூட்டம். கூட்டத்துக்குள்ள ஒட்டுக்கேட்பு, கூட்டங்களுக்கு நடுவுல டைரக்டரி. அந்தக் குழுவின் லெனோஸ்கியும் லாடனும் எஸ்ஜிஐ-க்குப் போய், 1996-ல் வந்த ஆரிஜின் 2000-ஐ வடிவமைச்சாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம் இனிமேல்தான். 2003-ல ஏஎம்டி ஆப்டெரான் பொது பஸ்ஸையே தூக்கிட்டு, ஹைப்பர்டிரான்ஸ்போர்ட்னு சிப்புக்குச் சிப் நேரடி இணைப்பு போட்டது. இன்டெல் கியூபிஐ-யோட அந்த வழிக்கு வர 2008 ஆச்சு. ஆனா ஆப்டெரான்ல பாதைதான் மாறுச்சு, பழக்கம் மாறல. ஒரு தகவல் வேணும்னா எல்லா சிப்பையும் கேட்டு, எல்லாரும் பதில் சொல்லணும். சிப் கூடினா அந்த விசாரிப்பே பாதையை அடைச்சுக்கும்.

2009-ல வந்த ஆறு கோர் ஆப்டெரான்ல, 6 எம்பி எல்3 கேஷ்ல 1 எம்பி-யை ஒதுக்கி என்ன வச்சாங்க தெரியுமா? பதிவேடு! 1978-ல சொன்ன யோசனை சிப்புக்குள்ளயே வந்துடுச்சு. இதுல யாரும் தோத்ததா நான் பார்க்கல. நாலு பேர் இருக்குற வீட்டுல கூப்பிட்டா கேட்கும். ஊருக்குத்தான் ஏடு வேணும்.

கோடு எழுதறவங்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு த்ரெட் தனித்தனி மாறிகளைத்தான் தொடுது, ஆனா இரண்டும் ஒரே 64 பைட் கேஷ் லைன்ல இருக்குன்னா, அந்த லைன் இரண்டு கோருக்கும் நடுவுல அலைஞ்சுக்கிட்டே இருக்கும். கோர் கூட்டியும் வேகம் வரலைன்னா, முதல்ல அங்க பாருங்க.