அலுமினிய விசைப்படகு: வரலாறும் மராமத்தும்

அலுமினியத் தகட்டால் உடல் கட்டி, எஞ்சினால் ஓட்டப்படும் படகு. உல்லாசப் பயணத்துக்கும் காவல் பணிக்கும் கட்டப்படுகிறது. அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அதே எஞ்சினில் கூடுதல் வேகம் கிடைக்கும், குறைந்த ஆழத்திலும் மிதக்கும். அரை நூற்றாண்டு கடந்த அலுமினியப் படகுகள் பல இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் புதுப்பித்து ஓட்டுவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்தில் கடல் கிடையாது. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரித்தபோது கரை முழுவதும் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆனால் அலுமினியத்தின் குணத்தைச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகளில் வேலை பார்த்தவர்களைவிட நெருங்கி அறிந்தவர்கள் குறைவு. கம்பி மத்தாப்பு வெள்ளையாகப் பொறி விடுவதற்கும், வெடி பளிச்சென்று வெடிப்பதற்கும் காரணம் அலுமினியப் பவுடர். பக்கத்துத் திருமங்கலத்திலேயே மெட்டல் பவுடர் கம்பெனி இயங்குகிறது. ‘மெப்கோ’ என்று வட்டாரத்தில் வழங்கும் அந்தப் பெயரைத் தாங்கித்தான் 1984 முதல் சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி நடக்கிறது. வாணத்தில் எரிகிற பவுடரும் கடலில் மிதக்கிற தகடும் ஒரே உலோகந்தான். பட்டாசுக்கு அதைத் தகுதியாக்கும் குணமே படகையும் காக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்தப் படகுகளின் மராமத்து முறைகள் எல்லாம் சுலபமாகப் புரியும்.

அலுமினியத்துக்கு ஆக்சிஜன் மீது தீராத பசி. புதிதாகச் சுரண்டிய தகடு காற்றுப் பட்ட கணமே தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. இரும்பின் துரு உதிர்ந்து அடுத்த அடுக்கையும் தின்ன விடும். இந்தப் படலம் உதிராது, கண்ணுக்கும் தெரியாது. அதற்கடியில் உலோகம் பத்திரமாக இருக்கும். பவுடரில் நிலைமை வேறு. அங்கே பரப்பு பல மடங்கு பெருகிவிடுகிறது; பக்கத்திலேயே ஆக்சிஜன் தரும் உப்பும் கலந்திருக்கிறது. ஒரு பொறி பட்டால் பசி முழுவதும் நொடியில் தீர்ந்து ஒளியாக வெளியேறுகிறது.

தண்ணீர் விஷயத்திலும் இதே கதைதான். படலம் கிழிந்த இடத்தில் அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனையும் வெப்பத்தையும் வெளியிடும். வெள்ளை மாவு மிஞ்சும். நைட்ரேட் உப்பும் அலுமினியமும் சேர்ந்த மருந்து ஈரம் கண்டால் தானாகவே சூடேறக்கூடும். கலவையில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பதும், மழைக்காலத்தில் மருந்து அறையில் கூடுதல் எச்சரிக்கை காட்டுவதும் அதனால்தான். படகில் இதே வினை மாதக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் ஊறிய பஞ்சு மெத்தைக்கடியில் வெள்ளை மாவு சேர்ந்திருக்கும். அதைத் துடைத்தால் தகட்டில் குழி தெரியும்.

தோற்றம். மின்பகுப்பு முறை 1886இல் கண்டறியப்பட்ட பிறகே அலுமினியம் மலிவாயிற்று. சில ஆண்டுகளிலேயே ஜூரிச் நகரின் எஷர் வீஸ் நிறுவனம் ‘மின்யோன்’ என்ற அலுமினியப் படகைக் கட்டியது. நாஃப்தாவில் ஓடிய அந்தப் படகை வாங்கியவர் டைனமைட் கண்ட ஆல்பிரட் நோபல். வெடிமருந்து வட்டாரத்து வாசகருக்கு இந்தத் தற்செயல் பிடிக்கும்.

தொடக்கக் கால முயற்சிகள் பல சீக்கிரமே அரித்துப் போயின. பிரெஞ்சுக் கடற்படைக்கு 1894இல் இங்கிலாந்தின் யாரோ நிறுவனம் கட்டிய டார்பிடோ படகில், வலிமைக்காகத் தாமிரம் கலந்த அலுமினியம் பயன்பட்டது. கடல்நீர் அதை வேகமாகத் தின்றது. இன்னும் புகழ்பெற்ற பாடம் ‘டிஃபெண்டர்’. நதானியல் ஹெரெஷாஃப் வடிவமைத்த இந்தப் பாய்மரப் படகு 1895இல் அமெரிக்கா கோப்பையை வென்றது. நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கலம், மேலே அலுமினியம், உள்ளே எஃகுச் சட்டங்கள். எடை குறைந்தது, பந்தயமும் கைக்கு வந்தது. ஆனால் மூன்று உலோகமும் உப்புநீரில் சேர்ந்தால் அது பேட்டரி. அதில் கரைவது அலுமினியம்தான். 1899இல் புதிய படகோடு ஒத்திகை ஓட அதை மராமத்துப் பார்த்து மீண்டும் இறக்கினார்கள். 1901இல் உடைத்துப் போட்டார்கள்.

தாமிரத்தைத் தள்ளி மக்னீசியத்தைச் சேர்த்ததில்தான் விடிவு பிறந்தது. இங்கிலாந்தில் அத்தகைய கலவையில் 1931இல் கட்டிய 55 அடி ‘டயானா II’ பல பத்தாண்டு உழைத்தது. 1940களில் மந்தவாயுக் காப்புடன் பற்றவைக்கும் முறை வந்ததும் ஆணி அறைந்து இணைப்பது குறையத் தொடங்கியது. இன்றைக்குப் ‘பழம்படகு’ என்று தேடி வாங்கப்படுபவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவையே. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து பர்கர் நிறுவனமும், 1960களில் எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாறிய கிறிஸ்-கிராஃப்டின் ரோமர் பிரிவும் கட்டியவை இவற்றில் பேர்போனவை.

மீட்டெடுத்தல். படகைக் கரையேற்றியதும் முதல் வேலை பெயிண்ட் அடிப்பதல்ல, அளப்பது. அல்ட்ராசானிக் கருவியால் தகட்டின் கனத்தை இடம் இடமாக எடுத்து, மூல வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். பில்ஜ் (படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம்), எரிபொருள் தொட்டியின் அடி, கழிவறைக் குழாய் வெளியேறும் இடம், சுழலி அச்சைச் சுற்றிய பகுதி ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். யாரோ தவறவிட்ட செப்புக் கம்பித் துண்டோ நாணயமோ பில்ஜ் தண்ணீரில் கிடந்தால், அதன் நேர் கீழே தகடு ஓட்டையாகலாம். பாதரசம் இன்னும் மோசம். ஒரு சொட்டே படலத்தைச் சேரவிடாமல் உலோகத்தைத் தின்னும். பழைய வெப்பமானி உடைந்த படகைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பழைய பெயிண்டை உரிக்க எஃகுக் குண்டும் எஃகுப் பிரஷ்ஷும் கூடாது. இரும்புத் துகள் தகட்டில் பதிந்து அங்கங்கே அரிப்பைத் தொடங்கும். அக்ரூட் ஓட்டுத் தூள், கண்ணாடி மணி, அலுமினிய ஆக்சைடு தூள் இவற்றால் ஊதிச் சுத்தம் செய்வார்கள். ஸ்டெயின்லெஸ் பிரஷ் வேண்டுமானால் அதை அலுமினியத்துக்கு மட்டுமே தனியாக வைத்திருப்பார்கள்.

பற்றவைப்பதில் தனிச் சிக்கல் உண்டு. உலோகம் சுமார் 660 பாகை செல்சியஸில் உருகும். மேலே உள்ள ஆக்சைடோ 2,000 பாகை தாண்டியும் அசையாது. சுரண்டாமல் வெப்பம் கொடுத்தால் தோல் நிற்க உள்ளே குழம்பாகி ஒழுகும். எஃகைப் போல சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. அதனால் பற்றவைக்கும் முன் சுரண்டி, எண்ணெய் போகத் துடைத்து, ஆர்கான் வாயுவின் கீழ் வேலை பார்க்கிறார்கள். அரித்த தகட்டின் மேல் இன்னொரு தகட்டை ஒட்டிவிடுவது மலிவான வழி. இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி மறுபடி அதே நோய் வருமென்பதால் நல்ல பட்டறைகள் ஒப்புவதில்லை. கெட்ட பகுதியை வெட்டியெடுத்து அதே கலவையில் புதுத் தகடு பொருத்துகின்றன.

சுத்தம் செய்த மேற்பரப்பில் சில மணி நேரத்துக்குள் எபாக்சி பிரைமர் ஏற வேண்டும். நீருக்குக் கீழே பாசியும் கொட்டலசும் பிடிக்காதிருக்க அடிக்கும் சாதாரணச் செப்பு ஆக்சைடு பெயிண்ட் இங்கே விஷம். கீறல் விழுந்த இடத்தில் செம்பும் அலுமினியமும் நேருக்கு நேர் வந்துவிடும். நீர்மட்டத்துக்கு மேலே பூச்சே இல்லாமல் வெறும் தகடாக விட்டுவிடும் படகுகளும் உண்டு. பார்க்கச் சாம்பல் நிறமாக இருக்கும், செலவு மிச்சம், படலமும் தன் வேலையைச் செய்யும். என் பார்வையில் நேர்மையான முறை அதுதான்; பளபளப்பு விரும்புகிறவர்கள் ஏற்கமாட்டார்கள்.

பராமரிப்பு. அலுமினியப் படகின் உயிர் வயரிங்கில் இருக்கிறது. காரில் செய்வதுபோல் உடலையே நெகடிவாகப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு கம்பி. துறைமுகத்து மின்சாரத்தைப் பக்கத்துப் படகோடு பகிரும்போது கசியும் மின்சாரமும் உடலைக் கரைக்கும் என்பதால் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அடியில் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவைக் கட்டிகளைப் பொருத்தினால் படகுக்குப் பதிலாக அவை கரையும். வெள்ளிக் குளோரைடு மின்வாயை நீரில் தொங்கவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால், உடல் மைனஸ் 900 முதல் 1,100 மில்லிவோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். குறைந்தால் அரிப்பு. கட்டிகளை அளவுக்கு மீறிப் பொருத்தினாலும் ஆபத்து. காரம் உண்டாகிப் படலத்தைக் கரைத்துவிடும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேரடியாக முறுக்காமல் இடையில் நைலான் வாஷரோ, பேரியம் குரோமேட் கலந்த பசையோ வைப்பார்கள். பில்ஜை உலர்வாக வைப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

தமிழகத்தில். அலுமினியம் இங்கே முதலில் பாத்திரமாக வந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப் பள்ளியில் 1898இல் தொடங்கிய முயற்சி அது. மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியின் உலை 1965இல் எரியத் தொடங்கியது. மீனவர்கள் கட்டுமரத்திலிருந்தும் வள்ளத்திலிருந்தும் பெரும்பாலும் ஃபைபர் படகுக்குப் போய்விட்டார்கள். நடுவில் அலுமினியத்துக்கு இடமே கிடைக்கவில்லை. இன்று இங்கே அந்த உடலைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் கடலோரக் காவல் படையிடம்தான் போக வேண்டும். எல் அண்ட் டி கட்டிக்கொடுத்த 54 இடைமறிப்புப் படகுகளும், மண்டபத்தில் நிற்கும் கிரிஃபான் ஹோவர்கிராஃப்டுகளும் அலுமினிய உடல் கொண்டவை.

இவற்றுக்கு இன்னோர் எதிரி உண்டு: வெயில். மக்னீசியம் மூன்று சதவீதத்துக்கு மேல் கலந்த தகடு சுமார் 65 பாகைக்கு மேல் நெடுநாள் காய்ந்தால், மக்னீசியம் உலோக மணிகளின் எல்லைகளில் ஒதுங்கி, தகடு விரிசலுக்கு இடம்கொடுக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் டைகான்டெரோகா வகைக் கப்பல்களின் மேற்கட்டுமானம் இந்தக் கோளாறால் ஆண்டுக்கணக்கில் பழுது பார்க்கப்பட்டது. கரும்பச்சையோ கருஞ்சாம்பலோ அடித்த மேல்தளம் சித்திரை வெயிலில் அந்தச் சூட்டை எட்டிவிடும். எனவே பாக் நீரிணையில் ஓடிய அலுமினியப் படகைப் பரிசோதிக்க வருகிறவர், அடியில் குழி தேடிக் குனிவதற்கு முன் மேல்தளத்தில் ஏறி, கதவுச் சட்டத்தின் மூலைகளிலும் பற்றவைத்த ஓரங்களிலும் விரிசல் தேட வேண்டும். வெளிர் நிறப் பெயிண்ட் அடிப்பதே இதற்கு மலிவான மருந்து.