அந்நியனுக்கு வழி சொன்ன நகரம்

லண்டனுக்கு முதன்முறை சென்றபோது எனது சட்டைப் பையில் இரண்டு முகவரிகள் இருந்தன. ஒன்று ஈஸ்ட்ஹாமில் உள்ள உறவினர் வீடு. அதன் தபால் குறியீடு ஈ6 என்று தொடங்கியது. மற்றையது பழைய நண்பர் ஒருவரின் வீடு. அதன் குறியீடு ஈ4. கொழும்பு 4, கொழும்பு 6 என்று பழகியவனுக்கு இதில் என்ன சிக்கல்? பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு நடந்து போவது போல ஈ6 இலிருந்து ஈ4 இற்கும் ஒரு மாலைப் பொழுதில் நடந்து போய்விடலாம் என்று எண்ணினேன். உறவினர் சிரித்தார். ஈ4 என்பது சிங்போர்ட். லண்டனின் வடகிழக்கு விளிம்பில், எப்பிங் காட்டின் ஓரத்தில் உள்ள ஊர். அந்தக் குறியீட்டுக்குரிய நிலத்தில் ஒரு சிறு பகுதி பெருநகர லண்டனின் எல்லைக்கு வெளியிலேயே கிடக்கின்றது. அன்று நான் நடக்கவில்லை. ஆனால் அந்த இலக்கங்கள் ஏன் அவ்வாறு அமைந்தன என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல்தான் இக்கட்டுரை.

பெருநகர லண்டனின் பரப்பு 1,572 சதுர கிலோ மீற்றர். எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 1801 இல் சுமார் 10 இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரம், 1901 இல் 65 இலட்சத்தை எட்டியது. இந்த வளர்ச்சியை எவரும் திட்டமிடவில்லை. கிராமங்கள் ஒன்றையொன்று தொட்டன. தொட்ட இடங்களில் தெருக்கள் இணைந்தன. ஒரே பெயரில் பல தெருக்கள் இருந்தன. கடிதங்கள் வழி தவறின. மனிதர்களும் வழி தவறினர்.

தபால் சேவையைச் சீர்திருத்திய றோலண்ட் ஹில், 1850களின் பிற்பகுதியில் நகரைத் திசைகளின் அடிப்படையில் பத்து மாவட்டங்களாகப் பிரித்தார். கிழக்குக்கு ஈ, தென்மேற்குக்கு எஸ்.டபிள்யூ என்று எழுத்துக்கள் வந்தன. 1860களில் வடகிழக்கும் தெற்கும் நீக்கப்பட்டு அயல் மாவட்டங்களுடன் சேர்க்கப்பட்டன. பின்னர் முதலாம் உலகப் போர் வந்தது. அனுபவம் மிக்க தபால் ஊழியர்கள் பலர் போர்முனைக்குப் போய்விட, கடிதங்களைப் பிரிக்கும் வேலையை எளிதாக்குவதற்காக 1917 இல் ஒவ்வொரு மாவட்டமும் இலக்கமிடப்பட்டது. தலைமை அலுவலகம் அமைந்த பகுதிக்கு 1. ஏனையவற்றுக்கு ஆங்கில அகர வரிசையில் அடுத்தடுத்த இலக்கங்கள். பெத்னல் கிறீன் 2, போ 3, சிங்போர்ட் 4, கிளப்டன் 5, ஈஸ்ட்ஹாம் 6. எங்கள் மக்கள் செறிந்து வாழும் தென்மேற்கின் ரூட்டிங், 17 ஆக அமைந்ததும் இதே கணக்கில்தான். இலக்கத்துக்கும் தூரத்துக்கும் தொடர்பில்லை. அது கடிதம் பிரிப்பவனுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. வழி தேடி வருபவனை எவரும் மனதில் கொண்டிருக்கவில்லை.

ரயில் பாதைகளின் கதையும் இதற்கு ஒத்ததே. 1830களிலிருந்து ரயில் கம்பனிகள் லண்டனை நோக்கிப் படையெடுத்தன. நகரின் நடுப்பகுதி இடிபடுமே என்று அஞ்சிய அரசு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. மத்திய லண்டனுக்குள் ரயில் பாதைகள் நுழையக்கூடாது என்று 1846 இல் அந்த ஆணைக்குழு பரிந்துரைத்தது. இதன் விளைவாகவே யூஸ்டன், பாடிங்டன், கிங்ஸ் குரொஸ் ஆகிய பெரு நிலையங்கள் நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கின்றன. வடக்கிலிருந்து வந்து தெற்கே போகவேண்டிய பயணி ஒரு நிலையத்தில் இறங்கி, மூட்டை முடிச்சுக்களுடன் குதிரை வண்டி பிடித்து, நெரிசலான தெருக்களைக் கடந்து இன்னொரு நிலையத்துக்குப் போகவேண்டியிருந்தது. 1829 இல் ஜோர்ஜ் சிலிபியர் பாடிங்டனிலிருந்து பாங்க் வரை குதிரை பஸ் சேவையைத் தொடங்கியபோது அதன் கட்டணம் ஒரு சிலிங். அன்றைய தொழிலாளி நினைத்துப் பார்க்க முடியாத தொகை அது.

தெருவில் இடமில்லையெனின் தெருவுக்குக் கீழே போகலாம் என்று விடாமல் வாதிட்டவர் சார்ள்ஸ் பியர்சன். லண்டன் சிற்றி நிர்வாகத்தின் சட்டத்தரணியான அவர், சில ஆண்டுகள் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். ஏழைத் தொழிலாளர்கள் நகரின் சேரிகளிலிருந்து வெளியேறி, காற்றோட்டமான புறநகரில் குடியிருந்து, மலிவான ரயிலில் வேலைக்கு வரவேண்டும் என்பது அவரது கனவு. 1863 ஜனவரி 10 ஆம் திகதி பாடிங்டனுக்கும் பரிங்டனுக்கும் இடையே, சுமார் 6 கிலோ மீற்றர் நீளமான உலகின் முதலாவது நிலக்கீழ் ரயில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நீராவி இயந்திரம், மர வண்டிகள், வாயு விளக்குகள், சுரங்கம் நிறையப் புகை. ஆயினும் முதல் நாளிலேயே சுமார் 38,000 பேர் பயணம் செய்தனர். பியர்சன் அதைக் காணவில்லை. நான்கு மாதங்களுக்கு முன்னர், 1862 செப்டெம்பரில் அவர் காலமாகியிருந்தார்.

இங்கே மறைக்கக்கூடாத ஓர் உண்மை உண்டு. அந்தப் பாதை தெருக்களைத் தோண்டி, சுவர் எழுப்பி, மேலே மூடிக் கட்டப்பட்டது. வசதி படைத்தோரின் காணிகளைத் தவிர்ப்பது எளிது. ஆனால் பிளீற் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சேரிகளைத் தவிர்க்கவேண்டும் என்று எவரும் கவலைப்படவில்லை. யாருடைய நன்மைக்காக என்று பியர்சன் கனவு கண்டாரோ அந்த ஏழைகளின் வீடுகளே முதலில் இடிக்கப்பட்டன. வாடகைக் குடியிருப்பாளர்களான அவர்கள் அருகிலிருந்த ஏனைய சேரிகளில் போய் மேலும் நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1864 இல் அதிகாலைத் தொழிலாளர் ரயில்கள் மலிவுக் கட்டணத்தில் ஓடத் தொடங்கின என்பது உண்மை. ஆயினும் வீடிழந்தவர்கள் வேறு, பயணச்சீட்டு வாங்கியவர்கள் வேறு.

1890 இல் ஆழ்நிலச் சுரங்கத்தில் மின்சார ரயில் வந்தது. அதன் பின்னர் கம்பனிகள் பல, பாதைகள் பல. ஒவ்வொரு கம்பனியும் தனது பாதையைத் தடித்த கோட்டிலும் அடுத்தவன் பாதையை மெல்லிய கோட்டிலும் வரைந்தது. சிலவேளை வரையாமலே விட்டது. 1908 இல்தான் கம்பனிகள் கூடி ஒரு பொதுப் பெயரையும் ஒரு பொது வரைபடத்தையும் ஏற்றுக்கொண்டன. அப்போதும் அது உண்மையான நில அளவில் வரையப்பட்டதால், நடுவில் நிலையங்கள் எறும்புக் கூட்டம் போல நெருங்கியும், விளிம்பில் வெறுமையாகவும் காட்சியளித்தன.

சமிக்ஞைப் பிரிவில் வரைவாளராகப் பணியாற்றிய ஹரி பெக் என்பவர் 1931 இல் தமது ஓய்வு நேரத்தில் வேறு விதமாகச் சிந்தித்தார். நிலத்துக்கு அடியில் பயணம் செய்பவனுக்கு மேலே உள்ள தெரு வளைவு எதற்கு? எந்தக் கோடு, எத்தனையாவது நிலையம், எங்கே மாறவேண்டும் என்பவையே அவனுக்குத் தேவை. எல்லாக் கோடுகளையும் நேராகவோ, செங்குத்தாகவோ, 45 பாகைச் சரிவிலோ வரைந்தார். நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைச் சமப்படுத்தினார். தேம்ஸ் ஆற்றை மாத்திரம் அடையாளத்துக்காக விட்டுவைத்தார். நிர்வாகம் முதலில் நிராகரித்தது. பின்னர் மனமின்றி ஒப்புக்கொண்டு 1933 ஜனவரியில் ஏழரை இலட்சம் பிரதிகள் அச்சிட்டது. மக்கள் அள்ளிக்கொண்டு போயினர்.

பெக்கிற்குக் கிடைத்தது ஒரு சில கினிகளே. பல ஆண்டுகள் அந்தப் படத்தைத் திருத்திக்கொண்டேயிருந்தார். 1960 இல் வேறொருவர் பெயரில் புதிய வரைபடம் வெளியானபோது அவர் மனமுடைந்து போனார். உரிமை கோரிக் கடிதம் எழுதிக் களைத்து, 1974 இல் காலமானார். இன்று அந்த வரைபடத்தின் மூலையில் அவரது பெயர் அச்சிடப்பட்டிருக்கின்றது. அதைக் காண அவர் இல்லை.

அந்தப் படம் பொய்யும் சொல்லும். லெஸ்டர் ஸ்குவயருக்கும் கொவென்ற் கார்டனுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 260 மீற்றர்தான். வரைபடத்தை நம்பிய வெளியூர்க்காரர் ரிக்கற் எடுத்துப் படியிறங்கி ரயில் பிடிக்கின்றார். உள்ளூர்க்காரர் நடந்து போகின்றார். இதற்கு நேரெதிரானது கறுப்பு வாடகைக் கார்ச் சாரதிகளின் வித்தை. 1865 முதல் நடைமுறையில் உள்ள சோதனை ஒன்றில் அவர்கள் தேறவேண்டும். சாரிங் குரொஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவில் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்கள் தலைக்குள் இருக்கவேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் பயில்கின்றனர். இச்சாரதிகளின் மூளையில் இட நினைவுக்குரிய பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இன்னொன்றையும் கூறவேண்டும். போருக்குப் பின்னர் ஆளணிப் பற்றாக்குறையால் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 1956 முதல் பார்படோஸ் தீவிலேயே நேரடியாக ஆட்சேர்ப்பு நடத்தியது. முதல் நாள் தாமே வழி தெரியாமல் நின்றவர்கள், சில வாரங்களில் மற்றவர்களுக்கு வழி சொல்லும் நடத்துநர்களாயினர். 2024 இல் ஆறு நிலமேல் ரயில் பாதைகளுக்குப் புதிய பெயர் சூட்டியபோது ஒன்றுக்கு வின்ட்றஷ் என்று பெயரிட்டனர். 1948 இல் கரீபியன் மக்களை ஏற்றிவந்த கப்பலின் பெயர் அது.

ஈஸ்ட்ஹாம் உறவினர் வீட்டில் அவரது மாமனாரும் இருந்தார். ஊரில் புகையிலைத் தோட்டம் செய்தவர். மகளைப் பார்க்க வந்து நான்கு மாதமாகியும் தெருமுனைக் கடைக்கு அப்பால் போனதில்லை. “தம்பி, இந்த ஊரிலை எனக்குத் திசை பிடிபடேல்லை. வெளிக்கிட்டால் திரும்பி வருவனோ எண்டு பயம்” என்றார். வெம்பிளியில் அவருடைய பாலிய நண்பர் ஒருவர் இருந்தார். தொலைபேசியில் மாத்திரமே பேசிக்கொண்டிருந்தனர்.

பெக்கின் வழிவந்த அந்தப் படத்தை மேசையில் விரித்தேன். ஆங்கிலம் வாசிக்கத் தேவையில்லை என்று சொல்லி, பச்சைக் கோட்டில் மூன்று நிலையம், வெஸ்ட்ஹாமில் இறங்கி மாறி, சாம்பல் கோட்டில் இருபத்தொரு நிலையம் என்று விரலால் காட்டினேன். முதல் தடவை இருவரும் சேர்ந்து போனோம். வழி நெடுக அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

நான் நாடு திரும்பிய பின்னர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். “தனியப் போட்டு வந்திட்டன் தம்பி. போகேக்கை சரியா எண்ணினன். வரேக்கை கதையிலை ஒண்டைத் தவறவிட்டிட்டன். எண்டாலும் அடுத்ததிலை இறங்கித் திரும்பி வந்தனான்” என்றார். அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவருடைய குரலில் இருந்த பெருமிதம் இன்னும் என் காதில் இருக்கின்றது.