துணை முதல்வரின் மேசை: வாய்மொழிப் பொறுப்பும் எழுதப்படாத அதிகாரமும்

போரூருக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் நடுவே, பரங்கிமலை–பூந்தமல்லி சாலையை ஒட்டிய ஐயப்பன்தாங்கலில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகப் பெருகத் தனியார் பள்ளிகளும் பெருகின. இத்தகைய புறநகர்ப் பள்ளிகளில் வேன் தாமதமும் கட்டணத் தகராறும் பெற்றோரின் வாட்ஸ்அப் கோபமும் முதலில் வந்து இறங்கும் இடம் துணை முதல்வரின் மேசை. அரசுப் பள்ளியில் அதே இடத்தில் இருப்பவர் உதவித் தலைமையாசிரியர், பேச்சுவழக்கில் ஏ.எச்.எம். கால அட்டவணை, விடுப்பில் போனவர் வகுப்புக்கு மாற்று ஆள், தேர்வு ஏற்பாடு, எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை) பதிவேற்றம் என நாள் முழுதும் அவர் தலையில் வேலை இருக்கும். அவற்றுள் எதை அவரே முடிவு செய்யலாம் என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இருக்காது.

துணைத் தலைமைக்கு இழைக்கப்படும் அநீதியைத் தலைவரின் குணக்கேடாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். “எச்.எம். நல்ல மனுஷர்” என்றால் பிரச்சினை இல்லை, இல்லாவிட்டால் தலைவிதி. இந்தப் பார்வை போதாது என்பதே என் வாதம். வாயால் ஒப்படைத்த பொறுப்பை வாயாலேயே பிடுங்கிக்கொள்ள முடிகிறது. அநீதியின் வேர் அங்கே இருக்கிறது.

நடைமுறை நீதிக்கு ஆறு அளவுகோல்களை ஜெரால்ட் லெவந்தால் 1980-இல் வகுத்தார். அவற்றுள் மூன்று இங்கே முக்கியம்: எல்லோரிடமும் எப்போதும் ஒரே முறையில் நடப்பது, சரியான தகவலின் பேரில் முடிவெடுப்பது, தவறான முடிவைத் திருத்த வழிவைப்பது. மூன்றுக்கும் பதிவு வேண்டும். நேற்று என்ன சொல்லப்பட்டது என்பதற்கே சாட்சி இல்லாதபோது இன்று சொன்னது அதற்கு முரண் என்று எப்படி நிறுவுவது?

சட்டம் இல்லாமல் இல்லை. அரசு ஆசிரியர்கள் அனைவருக்கும் 17(ஏ), 17(பி) என்ற எண்கள் அத்துப்படி. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின்படி, சிறு தண்டனை என்றாலும் விளக்கம் கேட்க வேண்டும். பெரிய தண்டனைக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் விசாரணையும் வேண்டும். தனியார் பள்ளிகளுக்கு வந்த 1973-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டமும் பணிநீக்கம், பதவிக்குறைப்பு ஆகியவற்றுக்கு உரிய அலுவலரின் முன் அனுமதி வேண்டும் என்றது. ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் கோபம் எழுத்தில் இறங்கிய பிறகே விழித்துக்கொள்கிறது. ஆகவே விவரம் தெரிந்த தலைவர் எழுதுவதில்லை. கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவார். கால அட்டவணையை இளையவர் ஒருவரிடம் தள்ளிவிடுவார். ஆசிரியர்கள் முன்னிலையில் “உங்களை யார் கேட்டது?” என்பார். இவற்றுள் எதுவும் தண்டனைப் பட்டியலில் வராது. மெமோ வாங்கியவருக்கு இருக்கும் பாதுகாப்பு, வாங்காமலே ஒதுக்கப்பட்டவருக்கு இல்லை.

ஆசிரியர்களைத் தலைவர்கள் நடத்தும் விதம் பற்றி ஜோசப் பிளேஸ், ஜோ பிளேஸ் இருவரும் 2003-இல் வெளியிட்ட நூல் அமெரிக்கப் பள்ளிகளைப் பேசினாலும், நம் ஆசிரியர் அறைக்குப் புதிதல்ல. துன்புறுத்தலின் முதல் படியாக அவர்கள் காட்டுவது கத்தலை அன்று. கருத்தைப் புறக்கணிப்பதையும் தனிமைப்படுத்துவதையும் சலுகைக் குழு வளர்ப்பதையும்தான்.

சத்தமில்லாத இத்தகைய கேட்டை உச்ச நீதிமன்றம் ஓரிடத்தில் தொட்டிருக்கிறது. தேவ் தத் வழக்கில் (2008) ஒரு பொறியாளரின் ஆண்டறிக்கையில் ‘நன்று’ என்றுதான் இருந்தது. பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ தேவை. அவருக்குத் தெரிவிக்கப்படாத அந்தப் பாராட்டே அவர் உயர்வைத் தடுத்தது. எந்தக் குறிப்பானாலும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. மறுபுறம், சுந்தரம்பாள் வழக்கில் (1988) அதே நீதிமன்றம் தொழில் தகராறுச் சட்டப்படி ஆசிரியர் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்று சொல்லிவிட்டது. பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு வேலைக்குப் போகிறவருக்குத் திறந்த அந்தச் சட்டத்தின் கதவு, வழியில் ஐயப்பன்தாங்கலில் இறங்கிப் பள்ளிக்குப் போகும் துணை முதல்வருக்கு மூடியது. பாலியல் தொல்லைக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும், வேலை அளிப்பவர் மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை நாடலாம் என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியாகக் கூடாது என்ற எளிய அறிவு அது. அன்றாட அவமதிப்புக்கு அப்படி வெளியே ஒரு குழு கிடையாது.

“பள்ளி ஒரு குடும்பம், எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டால் நம்பிக்கை எங்கே?” என்று கேட்பார்கள். தாளாளர்கள் விரும்பிச் சொல்லும் வாக்கியம் இது. சம்பள உயர்வு கேட்கும் நாளில் மட்டும் அந்தக் குடும்பம் நிறுவனமாகிவிடுவதையும் பார்க்கிறோம். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: துணைவர்கள் எல்லோருமே யோக்கியர்கள் அல்லர். முதுகலை, பட்டதாரி என்ற அணிப்பிரிவில் ஒரு பக்கம் நின்று தலைவரைச் செயல்படவிடாமல் செய்பவர்களும் உண்டு. உண்மைதான். அதனாலேயே எழுத்தாணை வேண்டும் என்கிறேன். அது துணைவரையும் கட்டும்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு பக்கத் தாள் போதும். துணைவர் தானே முடிவெடுப்பவை எவை, கேட்டுச் செய்பவை எவை, எதில் யார் கையொப்பம் என்று அதில் இருக்க வேண்டும். தலைவர் விடுப்பில் இருந்தபோது பொறுப்பில் இருந்தவர் எடுத்த முடிவைத் திரும்பி வந்ததும் மாற்றத் தலைவருக்கு உரிமை உண்டு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அதை மாற்றுவதற்கு உரிமை இல்லை. காரணத்தை ஏட்டில் எழுதட்டும். கீழே துணைவரின் மறுமொழிக்கும் நான்கு வரி இடம் விடட்டும்.